தொட்டிக்குள் தோட்டம் – 11: ஹோஸ்டாவுக்கு எந்தத் தொட்டி?

மே மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் மினசோட்டா மாநில நர்சரிகளில் கூட்டம் தாங்காது. குளிரில் மாதக்கணக்காக வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். மரநிழல் விழும் தோட்டக்காரர்கள் நேராகப் போய் நிற்பது ஹோஸ்டா வரிசையில். பூவுக்காக வாங்குபவர்கள் குறைவு; இலைக்காகத்தான் இத்தனை மோகம். சாம்பல் பூத்த நீல இலை, வெள்ளைக் கரை போட்ட இலை, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரியும் இலை என்று விதவிதமாக இருக்கும். செடியை எடுத்த கையோடு, அதன் நிறத்துக்கு எடுப்பாக ஒரு தொட்டியையும் பார்த்து எடுத்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மே மாதத்தில் அழகு பார்த்து வாங்கிய தொட்டி, ஜனவரியைத் தாங்கியாக வேண்டும்.

ஹோஸ்டாவின் தாய்வீடு ஜப்பானும் கொரியாவும் சீனாவும். ஜப்பானில் மருத்துவராக இருந்த சீபோல்ட் 1830இல் நெதர்லாந்துக்குக் கொண்டுவந்த செடிகளில் இதுவும் உண்டு. தாவரக் குடும்பத்தில் நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கும் மருளுக்கும் இது பங்காளி. ஆனால் குணம் வேறு. இலை மடிந்து, சில வாரங்கள் நல்ல குளிரில் உறங்கி எழுந்தால்தான் அடுத்த ஆண்டு தழைக்கும். அதனால் சென்னை மொட்டைமாடியில் எவ்வளவு விலை கொடுத்துத் தொட்டி வாங்கி வைத்தாலும் இது ஒத்துவராது.

உறங்குவதற்குக் குளிர் வேண்டும், சரி. ஆனால் தொட்டிக்குள் அது அளவு மீறிவிடுகிறது. தரையில் நட்ட செடிக்குப் பூமியே போர்வை. தொட்டிச் செடியின் வேரையோ நாலு பக்கமும் காற்று தாக்குகிறது. மினியாபொலிஸில் மைனஸ் 20 டிகிரியைத் தொடும் இரவுகள் புதிதல்ல. அதையும்விட மோசம், பகலில் உருகி இரவில் மறுபடி உறைவது. சாதாரணச் சுட்டமண் தொட்டி முதலில் பலியாவது இதற்குத்தான். அதன் நுண்துளைகளில் ஊறிய நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. முதல் குளிரில் விளிம்பிலிருந்து வில்லை வில்லையாகச் செதில் பெயரும். அடுத்த குளிரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடும். இங்கிலாந்தின் விச்ஃபோர்ட் பாட்டரி போன்றவர்கள் உறைபனிக்குத் தாங்கும் என்று உத்தரவாதம் கொடுத்தே மண்தொட்டி விற்கிறார்கள். விலையும் அதற்கேற்றபடிதான். அந்தச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு கனமான பிளாஸ்டிக்கோ ஃபைபர் கிளாஸோ போதும். பார்க்க அழகில்லை என்பது உண்மைதான். ஆனால் ஹோஸ்டா வளர்ந்து இலையைக் கவிழ்த்துவிட்டால் ஜூலையில் தொட்டியை யார் பார்க்கப் போகிறார்கள்?

பொருளைவிட வடிவத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வயிறு பருத்து வாய் குறுகிய ஜாடி கடையில் கண்ணைப் பறிக்கும். ஹோஸ்டாவின் வேர்கள் வெள்ளையாக, சதைப்பற்றோடு, கயிறு கயிறாகப் பக்கவாட்டில் ஓடுபவை. மூன்று நான்கு ஆண்டுகளில் ஜாடியின் வயிற்றை அடைத்துக்கொள்ளும். அப்புறம் தூர் பிரிக்கவோ மண் மாற்றவோ செடியை வெளியே இழுக்க முடியாது. ரம்பத்தால் வேரை அறுக்க வேண்டும், இல்லையென்றால் ஜாடியை உடைக்க வேண்டும். வாய் அகன்று, அடிப்பக்கம் சற்றே ஒடுங்கிய தொட்டியாக இருந்தால் கவிழ்த்துத் தட்டினாலே வேர்க்கட்டு முழுசாகக் கையில் வந்துவிடும். ஆழத்தைவிட அகலமே முக்கியம்.

அளவு ரகத்துக்கு ரகம் மாறும். 2008இல் அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்போர் சங்கம் அந்த ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்ந்தெடுத்த 'ப்ளூ மவுஸ் இயர்ஸ்' முக்கால் அடிக்கு மேல் வளராத குள்ளன். ஆறு, எட்டு அங்குலத் தொட்டியே அதற்குத் தாராளம். 'எம்ப்ரஸ் வூ' நாலடி உயரத்துக்கு எழும் பேரரசி. அதற்காகச் சின்னக் கன்றை எடுத்த எடுப்பில் அண்டாவில் நடக்கூடாது. வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்து வைத்து அழுகலில் கொண்டுபோய் விடும். வேரைச் சுற்றி இரண்டு அங்குலம் இடம் விட்டு, செடி பெருக்கப் பெருக்கத் தொட்டியையும் மாற்றிக்கொண்டு போவதுதான் சரி.

தண்ணீர் வடிவதற்கென்று அடியில் சரளைக்கல் போடும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. பலன் நேர்மாறானது. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து சொதசொதவென்று ஆகும்வரை நீர் கல்லுக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்குப் பக்கமாக உயர்ந்துவிடும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட் இதை விளக்கி எழுதியிருக்கிறார்; சரளை போடுகிறவர்கள் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தேவை கல் அல்ல, பெரிய துளைகள்.

அந்தத் துளைகளிலும் ஒரு வம்பு உண்டு. மேப்பிள் மரத்தடியில் தொட்டியை நேரே மண்மேல் வைத்தால், மரத்தின் மெல்லிய வேர்கள் துளை வழியாக மேலேறி உள்ளே இருக்கும் ஈரத்தையும் உரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு செங்கல்லைத் தூக்குக் கொடுத்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், குளிரைவிடப் பெரிய எதிரி ஓடில்லா நத்தை. ஒரே ராத்திரியில் இலையைச் சல்லடையாக்கிவிடும். தொட்டியின் விளிம்பில் செம்புப் பட்டை ஒட்டினால் ஏறாது என்று கடைகளில் சொல்லி விற்கிறார்கள். ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி லெட்டூஸ் செடிகளை வைத்துச் சோதித்து 2018இல் வெளியிட்ட முடிவில், செம்புப் பட்டை, முட்டை ஓடு, சரளை எதுவுமே நத்தையைத் தடுக்கவில்லை. பட்டைக்குக் கொடுக்கும் காசைத் தொட்டியில் போடலாம்.

அடுத்த வாரம்: இலை உதிர்ந்த தொட்டிகளைக் குளிர்காலம் முழுக்க எங்கே, எப்படி வைப்பது?