அடைபடும் கழிப்பறையும் அடக்கிக்கொள்ளும் குழந்தையும்

கனடாவின் மொன்றியல் நகரில், வாடகைக் குடியிருப்பு ஒன்றின் கழிப்பறை அடிக்கடி அடைத்துக்கொண்டால் குழாய் திருத்துபவரை அழைப்பதே வழமை. ஆனால் அந்த வீட்டில் மூன்று அல்லது நான்கு வயதுக் குழந்தை இருந்து, அக்குழந்தை வாரத்துக்கு ஓரிரு தடவைகள் மட்டுமே மலம் கழிக்கிறது என்றால், கோளாறு குழாயில் இல்லாமலும் இருக்கலாம். சிறுவர்களின் மலச்சிக்கலை இனங்காண மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ரோம்' அளவுகோல்களில், கழிப்பறையை அடைக்கக்கூடிய அளவுக்குப் பருமனான மலம் என்பதும் ஓர் அறிகுறியாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

அச்சத்தின் சுழற்சி

இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஒரேயொரு வலி மிகுந்த அனுபவத்தில் தொடங்குகிறது. ஒருமுறை வலித்த குழந்தை மறுமுறை அடக்கிக்கொள்கிறது. அடக்கப்பட்ட மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொள்வதால் அது மேலும் இறுகுகிறது. அடுத்த முறை வலி இன்னும் கூடுகிறது. கால்களை இறுக்கி, கதிரைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் குழந்தை மலம் கழிக்க முயல்வதாகப் பெற்றோர் எண்ணுகின்றனர். உண்மையில் அது அடக்கிக்கொள்ளவே முயல்கிறது.

நாளடைவில் இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் கசிந்து உள்ளாடையை அழுக்காக்குகிறது. இந்தக் கசிவைக் குழந்தையால் உணரவோ கட்டுப்படுத்தவோ இயலாது. ஆயினும் பல வீடுகளில் இது சோம்பலாகவோ பிடிவாதமாகவோ கருதப்பட்டு, குழந்தை ஏச்சும் அடியும் வாங்குகிறது. அதனால் அச்சம் மேலும் வளர்கிறது.

ஒரு வயதிலேயே பழகியது எப்படி?

1983ஆம் ஆண்டு வன்முறைகளுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து பெருமளவில் புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன், கோட் டே நேஜ் போன்ற பகுதிகளில் குடியேறினர. இந்தக் குடும்பங்களின் மூத்தவர்கள், தமது காலத்தில் பிள்ளைகள் ஒரு வயதிலேயே பழகிவிட்டதாகக் கூறுவது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கால்களை நீட்டி அமர்ந்து, கைக்குழந்தையைப் பாதங்களின் மேல் இருத்தி 'ஸ்' என்று ஒலியெழுப்புவது தமிழர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் முறையாகும். கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ இன மக்கள் இதையொத்த முறையில் ஓராண்டு நிறைவதற்கு முன்பே குழந்தைகளைப் பழக்குவதாக 1977இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது.

ஆனால் அந்த முறையில் முதலில் பயிற்சி பெறுபவர் குழந்தையின் குறிப்பறியும் பெரியவரே. அதற்கு நாள் முழுவதும் குழந்தையின் அருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும். உடையில்லாமல் தவழ வெப்பமான முற்றமும் வேண்டும். மொன்றியலின் நீண்ட குளிர்காலத்தில், பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், இவை கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் 1961இல் அறிமுகமான 'பம்பேர்ஸ்' இன்று எல்லா வகை அணையாடைகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 1980களில் ஈரத்தை உறிஞ்சித் தேக்கும் வேதிப்பொருள் அவற்றில் சேர்க்கப்பட்ட பின்னர், நனைந்துவிட்டோம் என்ற உணர்வும் குழந்தைக்குக் குறைந்தது. எனினும் அதற்கு முன்னரே, 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1,170 குழந்தைகள் குறித்து வெளியிட்ட ஆய்வில், பகல்நேரப் பயிற்சி நிறைவடையும் சராசரி வயது 28.5 மாதங்களாக இருந்தது. குழந்தையின் ஆயத்தத்துக்காகக் காத்திருந்து பழக்கிய முறையின் விளைவு இது.

இரு மொழிகளுக்கு இடையில்

கியூபெக் மாகாண அரசு 1997இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கட்டணம் பின்னர் உயர்ந்தபோதிலும் திட்டம் தொடர்கிறது. இதனால் பயிற்சியின் பெரும்பகுதி பராமரிப்பு நிலையங்களிலேயே நிகழ்கிறது. அங்கு பேசப்படும் மொழி பெரும்பாலும் பிரெஞ்சு. 'கக்கா' என்ற சொல் தற்செயலாக இரு மொழிகளிலும் ஒரே பொருள் தருகிறது. ஆனால் 'ஒண்டுக்கு' என்று சொல்லும் குழந்தையின் தேவை பராமரிப்பாளருக்குப் புரியாது. வீட்டில் வழங்கும் இத்தகைய சொற்களை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது பயனளிக்கும்.

என்ன செய்யலாம்?

கனடியக் குழந்தை மருத்துவச் சங்கம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், வயதைவிட ஆயத்தமே முக்கியம் என்று குறிப்பிட்டது. சில மணிநேரம் நனையாமல் இருப்பது, எளிய சொற்களைப் புரிந்துகொள்வது, தேவையை வெளிப்படுத்துவது ஆகியவை அதன் அடையாளங்களாகும். குழந்தை மறுத்தால் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை பயிற்சியை நிறுத்திவைக்கலாம் என்றும் அது பரிந்துரைத்தது.

கால்கள் தொங்கினால் குழந்தையால் முக்க முடியாது. பெரியவர்களுக்கான கழிப்பறையில் அமரும் குழந்தையின் காலடியில் சிறு பலகை ஒன்றை வைத்தால், ஊரில் குந்தியிருக்கும் நிலையில் கிடைத்த வசதி ஓரளவு கிடைக்கிறது. பசுப்பாலை அளவுக்கு மீறிக் கொடுப்பதும் மலச்சிக்கலுக்கு வழிவகுக்கக்கூடும். சிறு குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 750 மில்லிலீற்றருக்கு மேல் பால் கொடுக்க வேண்டாம் என்பது கனடாவில் வழங்கப்படும் ஆலோசனை.

கசிவோ, வலியோ, அடைப்போ தொடர்ந்தால் மருத்துவரை நாட வேண்டும். கியூபெக்கில் 811 என்ற இலக்கத்தை அழைத்துத் தாதியிடம் ஆலோசனை பெறலாம். மலத்தை இளக்கும் மருந்தை மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கலாம். சில நாட்களில் குணம் தெரிந்ததும் நிறுத்திவிட்டால் சிக்கல் திரும்பவும் வரக்கூடும். வலியில்லை என்று குழந்தை நம்பத் தொடங்கிய பின்னரே மீண்டும் பயிற்சி அளிப்பதில் பொருளுண்டு. அதுவரை வீட்டாரிடமிருந்து குழந்தைக்குத் தேவைப்படுவது பொறுமையே தவிர தண்டனை அல்ல.