மண்ணெண்ணெயில் ஓடிய கார் இனியும் ஓட வேண்டுமானால்

போர் எம்மிடம் விட்டுச்சென்றவற்றுள் பழைய வாகனங்களும் அடங்கும். கணவரோ தகப்பனாரோ ஓட்டிய ஒஸ்ரின் அல்லது மொறிஸ் மைனர் கார் இன்றும் சில வீடுகளின் பின்வளவில் தறப்பாளால் மூடப்பட்டுக் கிடக்கின்றது. "இரும்பு விலைக்குக் குடுத்துவிடுங்கோ அக்கா" என்று கேட்டு வருவோருக்கும் குறைவில்லை. கொடுப்பதும் வைத்திருப்பதும் அவரவர் முடிவு. ஆனால் முடிவெடுக்குமுன் அந்தக் காரைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டும்.

1990 யூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்கிற்குப் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகங்கள் என்பன கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. அந்நாட்களில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓடுமாறு மாற்றினர். காபரேற்றரில் சிறிது பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இத்தகைய கார்களிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. 1949இல் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகையும் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடுமாறே செய்யப்பட்டது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகாது. அதனால்தான் முதலில் பெற்றோல் வேண்டும். அதிகம் அமுக்கினால் நேரத்துக்கு முன்பே எரிந்து எஞ்சினைத் தட்டும். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் அவை தாக்குப்பிடித்தன.

ஆனால் அது ஆபத்துக்காலத்து வழி. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கும். பிளக்கிலும் வால்விலும் கரி படியும்.

புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அலுவலாக வரும் சகோதரிகளுக்குத் துணைநிற்பது என் வேலைகளில் ஒன்று. வடக்கிலிருந்து வந்த அக்கா ஒருவர் தம் கணவர் விட்டுச்சென்ற ஒஸ்ரின் ஏ 40 காரைத் திருத்தி, கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விட விரும்பினார். பக்கத்திலுள்ள பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு இருவரும் நடந்தே போனோம். எந்தக் காபரேற்றர், எஞ்சின் மாற்றியதா, பெற்றோல் குழாய் என்ன அளவு என்று முதலாளி கேட்டார். அக்காவிடம் பதில் இல்லை. "எல்லாம் அவருக்குத்தான் தெரியும், தங்கச்சி" என்றார்.

சமூகவியலில் வேலைப் பிரிப்பு என்று படித்தது அன்று கண்முன்னே நின்றது. கார் கழுவுவதும் சீற் உறை தைப்பதும் பெண்ணுக்கு. எஞ்சினை அறிவது ஆணுக்கு. அந்த ஆண் இல்லாது போகும்போது அறிவும் சேர்ந்தே போய்விடுகிறது. எஞ்சியிருப்பது விலைபேச முடியாத ஓர் இரும்புக் குவியல்.

அக்கா ஊருக்குத் திரும்பி, அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவரை வைத்து, மாற்றப்பட்டவை எவை, அசலானவை எவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார். அடுத்த தவணைக்கு வந்தபோது கொப்பியும் பழைய பாகங்களும் கையில் இருந்தன. தேவையானதை அரை நாளில் வாங்கிவிட்டோம்.

இத்தகைய வாகனம் வைத்திருக்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

முதலில் காரைப் பெற்றோலுக்கே மாற்றுங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அன்றைய மலிவு இன்றில்லை. தாங்கியைக் கழுவி, பழைய இறப்பர் குழாய்களை மாற்றுங்கள். வெடித்த குழாயில் கசியும் பெற்றோல் தீ விபத்துக்கு வழி.

ஒயில் பார்க்கும் கம்பியை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒயில் குறைவது வழமை. அது கூடினாலோ, எரிபொருள் மணத்தாலோ ஆபத்து. உடனே ஒயிலை மாற்ற வேண்டும்.

கரி நீக்க ஹெட்டைக் கழற்றும்போது வால்வு இருக்கைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின்களில் அந்த ஈயமே இருக்கைகளுக்குக் காப்பாக இருந்தது. கடினமான வளையம் போட்டால் தேய்மானம் குறையும்.

நிறுத்தி வைத்த கார்தான் விரைவில் பழுதாகும். வாரம் ஒருமுறை எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓட்டுங்கள். பிறேக் ஒயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கழற்றிய பாகங்களை எறிய வேண்டாம். புதியது வாங்க அதுவே மாதிரி.

எல்லாவற்றிலும் முக்கியம் அந்தக் கொப்பி. மாற்றிய பாகம், திகதி, செலவு, திருத்தியவர் பெயர் யாவும் அதில் இருக்கட்டும். விற்க நேர்ந்தாலும் இரும்பு விலைக்கு மேல் கேட்க அது உதவும். காருக்கு மட்டுமல்ல, தண்ணீர்ப் பம்பிக்கும் தையல் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். நம் வீட்டில் ஓடும் இயந்திரம் பற்றிய அறிவு இன்னொருவர் தலையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. இன்றே கேட்டு எழுதத் தொடங்குங்கள், சகோதரிகளே.