மானேஜரின் வாய்மொழி

ஒப்பந்தத்தின்பேரில் சேலை நெய்து கொடுக்கும் அங்கத்தினர் பலர், ஜவுளிக்கடை மானேஜரின் கடுஞ்சொல்லைவிட அவருடைய மனமாற்றத்திற்கே அஞ்சுகின்றனர். அவருக்கும் மேலே முதலாளி உண்டு என்பது மெய்தான். ஆயினும், பாவு தறியேறிப் பாதி நெய்தபின் கரையை மாற்றச் சொன்னால், ஜக்கார்டு அட்டைகளை மாற்றித் தறி நிற்கும் நாட்களின் கூலியை யார் தருவது? "மாற்றத்தை எழுதித் தாருங்கள், கூடுதல் கூலியையும் குறித்துவிடுங்கள்" என்று பணிவுடன் கேட்பதில் தவறில்லை.

சரக்கு சேர்ந்து மாதங்கள் கழித்துக் குறை கூறுவோரும் உளர். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் பற்றிய 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிடில் சரக்கை ஏற்றதாகவே கொள்ளப்படும். பதிவு பெற்ற குறுந்தொழிலாளருக்கு 45 நாட்களுக்கு மேல் பணம் தாமதித்தால் கூட்டுவட்டியும் உண்டு. ஆகவே, மானேஜர் முகம் சுளித்தாலும், தேதியிட்ட ரசீதில் கையொப்பம் பெற்றே திரும்புக.