நெருப்பின் காதுகள் – 9: 4321-ஆம் வீட்டில் தீ

போன வாரம் ஸ்மோக் அலாரத்துக்குள் இருக்கும் அமெரிசியம் 241-இல் நிறுத்தியிருந்தோம். புகை நுழைந்தது, கூரையில் ஒட்டியிருந்த வட்டப்பெட்டி அலறியது. அதுவரை நினைவிருந்தால் போதும். அந்த அலறல் தீயணைப்பு வண்டியை எப்படிக் கிளப்புகிறது என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொன்னது. கிளப்புவதில்லை என்பதே பதில். அமெரிக்க வீடுகளில் இருக்கும் சாதாரண ஸ்மோக் அலாரம் பத்தடி தூரத்தில் 85 டெசிபல் கத்தும், அதோடு அதன் வேலை முடிந்தது. மாதச் சந்தா கட்டி வைத்திருக்கும் அலாரமும் நேரே அவசர எண்ணான 911-ஐ அழைப்பதில்லை. தனியார் கண்காணிப்பு மையம் ஒன்றுக்குத் தகவல் போகிறது. அங்கே ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பவர்தான் தீயணைப்புத் துறையிடம் பேசுகிறார். எரியும் வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவே இந்த ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர் இருந்தாக வேண்டும் என்பது என் கட்சி.

அதற்கு முன், அவரிடம் தகவல் போய்ச் சேரும் அழகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று மொபைல் வலையும் இணையமும் வந்துவிட்டன. ஆனாலும் தொலைபேசிக் கம்பிக் காலத்தில் பிறந்த ‘கான்டாக்ட் ஐடி’ என்ற குறியீட்டுமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டில் யாராவது ஃபோனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தால், அலாரம் பேச்சை வெட்டிவிட்டு லைனைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். மையம் இரண்டு சுருதிகளில் கூவி ‘சொல்’ என்றதும், ஃபோன் பொத்தான்களை அழுத்தினால் கேட்கும் அதே ஒலிகளில் 16 இலக்கங்களைக் கொட்டும்: 4321 18 1110 01 003 9. முதல் நான்கு வீட்டின் கணக்கு எண். 18, இது எந்த முறை என்பதற்கான அடையாளம். அடுத்த 1, புதிதாக நடந்தது என்கிறது. 110 என்றால் தீ. 01 வீட்டின் பிரிவு, 003 எந்த உணர்கருவி என்பது. கடைசி 9தான் என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்துவைத்திருந்தது. பதினாறையும் கூட்டினால் 15-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையென்றால் வழியில் ஏதோ கெட்டுவிட்டது, மறுபடி அனுப்பு. கூட்டிப் பார்த்தால் 35 வருகிறதே என்பீர்கள். இந்தக் கணக்கில் பூஜ்யத்துக்கு மதிப்பு 10! பழைய சுழற்று டயல் ஃபோனிலும் பூஜ்யத்துக்குப் பத்துத் துடிப்புகள்தாம். நான்கு பூஜ்யங்களுக்கு 40 சேர்த்தால் 75. எல்லாம் முடிய இரண்டு நொடிகூட ஆகாது.

இரண்டு நொடியில் வரும் தகவலை ஒரு மனிதர் ஏன் உட்கார்ந்து ஆராய வேண்டும்? கருகிய ரொட்டிக்கும் 110தான், பற்றியெரியும் சோபாவுக்கும் 110தான். ரொட்டிக்காக ஓடிய வண்டி சோபாவுக்குக் கிடைக்காது. இந்தக் கவலை புதிதல்ல. 1852-இல் பாஸ்டன் நகரம் தெருத்தெருவாகத் தந்தி அலாரப் பெட்டிகளை வைத்தபோது, பொய் அலாரத்துக்குப் பயந்து அவற்றைப் பூட்டியே வைத்தது. சாவி போலீஸ்காரர்களிடமும் நம்பிக்கையான சிலரிடமும் இருந்தது. 1872 நவம்பர் 9 மாலை சம்மர் தெருவில் தீ பிடித்தபோது, 52-ஆம் பெட்டியிலிருந்து செய்தி போக 7.24 ஆகிவிட்டது. வண்டி இழுக்கும் குதிரைகளில் பல நோயில் படுத்திருந்தது வேறு கதை. நடுவில் ஓர் ஆளை வைத்தால் தாமதம்தான் என்று பாஸ்டனைக் காட்டித்தான் என் கட்சியை மடக்குவார்கள். நியாயமான அடிதான். ஆனால் அங்கே சாவிக்காரர் எத்தனை நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்று கேட்க ஒரு கெடிகாரம் இல்லை. இன்றைய கண்காணிப்பாளருக்கு உண்டு. அமெரிக்காவின் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 72-இன்படி, வீட்டு அலாரத்தைச் சரிபார்க்க அவர் ஃபோன் செய்யலாம். அதனால் ஆகும் தாமதம் 90 நொடியைத் தாண்டக் கூடாது. யாரும் எடுக்கவில்லையா, தீ என்றே வைத்துக்கொண்டு துறைக்குச் சொல்லிவிடுவார். தூங்குகிறவர் ஃபோனை எடுக்க மாட்டாரே என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

இன்னொரு சிக்கல், யாரும் அதிகம் யோசிக்காதது: அந்தக் கண்காணிப்பாளரும் 911-ஐ அழுத்திப் பயனில்லை. வீடு ஒஹையோவில், அவர் டெக்சாஸில் என்றால், 911 அவரை டெக்சாஸ்காரர்களிடமே கொண்டுபோய் விடும். அதனால் ஒவ்வொரு ஊர் அவசர மையத்தின் பத்து இலக்க எண்ணையும் கையில் வைத்திருக்க வேண்டும். எண் பழையதாகப் போயிருந்தால் 90 நொடிக் கணக்கெல்லாம் வீண். இதற்கு மாற்றாக, கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கே தகவலைத் தள்ளும் ஒரு முறையை வர்ஜீனியாவின் யார்க் கவுண்டியும் ரிச்மண்ட் நகரமும் முதலில் பரீட்சித்துப் பார்த்தன. அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். பூஜ்யம் இடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த வாரம்.