உவமைக் கதைக்குள் நீங்கள் யார்? பாலிகஞ்ச் பக்கத்து அதிசயங்கள்!

நல்ல சமாரியன், ஊதாரி மகன்... மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டு முடித்த கதைகள்தானே என்கிறீர்களா? கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பக்கம் வாருங்கள், அசந்துபோவீர்கள்!

தெரியுமா? ஓவியர் ஜாமினி ராய் பாலிகஞ்சில் வீடு கட்டி, 1972-இல் மறையும்வரை அங்கேதான் வாழ்ந்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் வங்க நாட்டுப்புறப் பாணியில், அகன்ற நீள்விழிகளோடு இயேசுவைத் திரும்பத் திரும்ப வரைந்தார்! அந்தக் கலிலேயாக்காரரை நம் தெருவுக்கே அழைத்து வந்துவிட்டார்! இன்று பலர் உவமைகளை வாசிப்பதும் இப்படித்தான்.

தெரியுமா? முன்பெல்லாம் உவமைகளை விடுகதைபோல அவிழ்த்தார்கள். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவன் ஆதாம், சத்திரம் திருச்சபை, சத்திரக்காரர் பவுல் என்றார் புனித அகுஸ்தீன்! 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் யூலிஷர் இதை மறுத்தார்: ஓர் உவமைக்கு ஒரே மையக்கருத்துதான் என்றார்.

தெரியுமா? பாலிகஞ்ச் சர்குலர் ரோட்டில் புனித லாரன்ஸ் பள்ளியை நடத்துபவர்கள் இயேசு சபையினர். அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஜெபமுறையே தனி! நற்செய்திக் காட்சிக்குள் நீங்களே நுழைய வேண்டும். பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், முகரவும் வேண்டும்!

தெரியுமா? மன்னிக்காத ஊழியன் உவமையில் அவன் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக, 6 கோடி நாள் கூலி! ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க 2 லட்சம் ஆண்டுகள்! அத்தனையும் தள்ளுபடியான கையோடு, வெறும் 100 நாள் கூலிக்காகச் சக ஊழியனின் கழுத்தை நெரித்தான் அந்தப் பாவி!

தெரியுமா? ராஜா ராம்மோகன் ராய் 1820-இல் அற்புதங்களை விலக்கி, உவமைகள் உள்ளிட்ட இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்துக் கல்கத்தாவில் வெளியிட்டார். செராம்பூர் மிஷனரி மார்ஷ்மன் கொதித்தெழுந்தார்; சர்ச்சை ஆண்டுக்கணக்கில் நீடித்தது!

தெரியுமா? பாலிகஞ்சுக்கு மேற்கே காளிகாட்டில், கோயிலை ஒட்டிய யாத்திரிகர் விடுதியில், 1952-இல் அன்னை தெரசா இறப்போர் இல்லம் தொடங்கினார். ஆதாரம், மத்தேயு 25: சிறியவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்ற செம்மறி–வெள்ளாட்டு உவமை! அதன் சாரத்தை ஐந்து ஆங்கிலச் சொற்களாக்கி, விரலுக்கு ஒன்றாகச் சொல்லித்தருவார் அன்னை.

தெரியுமா? கடைசி மணிநேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரர் கதையிலிருந்தே ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் தம் நூலுக்குத் தலைப்பெடுத்தார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்–டர்பன் ரயிலில் அதைப் படித்த காந்தி, அதே ஆண்டு ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். சர்வோதயம் என்ற கருத்து பிறந்தது!

கடைசியாக ஒன்று. லூக்கா 15-இல் உள்ள ஊதாரி மகன் கதையை அடுத்தமுறை வாசிக்கையில் மூத்த மகனின் இடத்தில் நின்று பாருங்கள். கோபித்து வெளியே நின்றவனையும் தகப்பன் தேடி வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவே இல்லை, தெரியுமா? பதிலை நம் கையில் விட்டிருக்கிறார்!