நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தால்

இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கியதும் மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்கு உட்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, உட்பட்டிருந்தால் திருப்தியோடு அதை மடித்து வைத்துவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் அதே தாளில் எச்.டி.எல். எனப்படும் நல்ல கொலஸ்ட்ரால், டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 40 மில்லிகிராமுக்கும் பெண்களுக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைந்திருந்தால், அந்தத் திருப்திக்கு ஆதாரமில்லை.

இரத்தக் குழாய்ச் சுவரில் சேரும் கொழுப்பை எடுத்துக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டு சேர்ப்பது நல்ல கொலஸ்ட்ராலின் பிரதான காரியங்களுள் ஒன்று. இது குறைந்தவர்களுக்கு இருதய நோய் மிகுதியென்பதை அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆராய்ச்சி 1977இல் எடுத்துக் காட்டிற்று. தமிழ்நாட்டையும் உட்படுத்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்விலோ, மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 13.9 சதவிகிதமே, நல்ல கொலஸ்ட்ரால் குறைந்தவர்கள் 72.3 சதவிகிதம்!

பரம்பரை ஒரு காரணமே. மற்றவை அன்றாட வாழ்க்கையில் இருக்கின்றன. சிவகாசிப் பட்டாசு ஆலையில் எண்ணிக்கைக் கூலிக்குச் சரம் பின்னும் பெண்ணுக்கு விரல்கள் ஓயாமல் ஓடினாலும், சம்மணமிட்ட தேகம் மணிக்கணக்கில் அசைவதில்லை. வாயிலிலேயே பீடியையும் தீப்பெட்டியையும் விலக்கிவிட்டு உள்ளே போகும் ஆண், தீப்பொறிக்கு அஞ்சி நாள் முழுவதும் காத்த விரதத்தைச் சாயங்காலம் தேநீர்க்கடை வாசலில் முறித்துவிடுகிறான். விருதுநகரின் பிரசித்தி பெற்ற பொரித்த புரோட்டாவோ, மைதாவும் எண்ணெயும் சேர்ந்த பதார்த்தம். அசைவின்மையும் புகையிலையும் மாவுப் பண்டங்களின் மிகுதியும், தொந்தியும் நீரிழிவும் கூடிவிட்டால், நல்ல கொலஸ்ட்ரால் தாழ்கிறது, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஏறுகிறது.

அப்படியானால் அதை உயர்த்த மாத்திரை உண்டா என்று கேட்கலாம். அவ்வாறு உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் பரிசோதனை, அதை உட்கொண்டோரிடம் மரணங்கள் அதிகரித்தமையால், 2006இல் நிறுத்தப்பட்டது. ஆகவே குறைந்த அளவை ஓர் எச்சரிக்கையாகக் கொள்வதே விவேகம். அளவை மட்டும் உயர்த்துவதால் பிரயோஜனம் சித்திக்கவில்லை.

எனவே வாசகர்கள், கெட்ட கொலஸ்ட்ராலையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பரிசோதித்து வைத்தியரின் ஆலோசனைப்படி நடப்பதோடு, வேலைக்கிடையே எழுந்து உலாவவும், மாலையில் அரைமணி நேரம் வேகமாக நடக்கவும், மைதாவுக்குப் பதில் பயறும் கடலையும் உண்ணவும் பழகவேண்டும். ஆலைக்குள் பீடியை விலக்க முடிந்தவர்கள் வெளியிலும் விலக்கிவிடட்டும்.