வீட்டுக்கோழியின் பூர்வீகம் எது?

சந்தையில் வாங்கும் கோழிக்குப் பெரும்பாலும் மஞ்சள் கால். ஆனால் பூலாவ் ஊபின் தீவில் திரியும் காட்டுக்கோழிக்குச் சாம்பல் நிறக் கால். ஏன் இந்த வித்தியாசம்?

கோழி, காடை, கௌதாரி, மயில், வான்கோழி ஆகியவை உறவுக்காரப் பறவைகள். தரையைக் கிளறி இரை தேடுவது இவற்றின் பொதுக்குணம். பெல்ஜியத்தில் கிடைத்து 2020இல் அறிவிக்கப்பட்ட அஸ்டீரியோர்னிஸ் என்ற புதைபடிவத்தின் வயது சுமார் 6 கோடியே 67 லட்சம் ஆண்டுகள். அதன் மண்டையோட்டில் கோழிச் சாயலும் உண்டு, வாத்துச் சாயலும் உண்டு. பின்னர் விண்கல் மோதிக் காடுகள் அழிந்தபோது மரவாசிப் பறவைகள் மடிய, தரைவாசிகள் தப்பிப் பிழைத்தன என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வான்கோழியின் தாயகம் அமெரிக்கா. கினிக்கோழிக்கு ஆப்பிரிக்கா. அடைகாக்காமல் மண்மேட்டில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகும் மெகபோட் பறவை, ஆஸ்திரேலியாவிலிருந்து சபா கரையோரத் தீவுகள் வரை காணப்படுகிறது. (அதைப் பற்றித் தனியாகவே பேசலாம்!)

காட்டுக்கோழியோ ஆசியாவின் சொத்து. மொத்தம் நான்கே வகை. சிவப்புக் காட்டுக்கோழி, இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி, இலங்கைக் காட்டுக்கோழி, ஜாவாப் பகுதியின் பச்சைக் காட்டுக்கோழி. இவற்றுள் சிவப்புதான் வீட்டுக்கோழியின் மூதாதை. 863 பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட 2020ஆம் ஆண்டு ஆய்வு, அதன் பிறப்பிடம் தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகியவற்றை ஒட்டிய பகுதி என்று காட்டியது. தாய்லாந்தின் பான் நோன் வாட்டில் கிடைத்த கோழி எலும்புகள் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என 2022இல் இன்னோர் ஆய்வு கூறியது. நெல் விளைந்த இடத்திற்குத் தானியம் தேடி வந்த பறவை, மனிதனோடு ஒட்டிக்கொண்டதாம். நாம் பிடித்துவந்தோம் என்பதைவிட, சோற்றுக்காக அதுவே வந்தது என்பதுதான் பொருத்தம்.

மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து! மஞ்சள் தோலுக்கான மரபணு அதனுடன் ஏற்பட்ட கலப்பால் வந்தது என்பது 2008இல் தெரியவந்தது.

இப்போது கலப்பு எதிர்த்திசையிலும் நடக்கிறது, கவலை அங்கேதான். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மாதிரிகளை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டனர். இன்றைய சிவப்புக் காட்டுக்கோழியின் மரபணுக்களில் 20 முதல் 50 விழுக்காடு வீட்டுக்கோழியிடமிருந்து வந்தவை என 2023இல் வெளியிட்டனர். பண்ணைக் கோழிகளைப் புதிய நோய் தாக்கினால், எதிர்ப்புச் சக்தியைத் தேடிப்போக வேண்டிய இடம் காடு. அங்கேயும் நம் கம்பத்துக் கோழியின் வாரிசுதான் நிற்கும் என்றால்?

2017இல் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் சத்தம் பற்றிய புகாருக்குப் பின் 24 கோழிகள் கொல்லப்பட்டன. அவை அசல் காட்டுக்கோழிகளா, கலப்பினமா என்ற விவாதம் அப்போது சூடு பிடித்தது. ஒல்லியான உடல், சாம்பல் கால், வாலடியில் வெள்ளைத் திட்டு ஆகியவை அசலின் அடையாளங்கள். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத கலப்பை ஆய்வுக்கூடம்தான் சொல்லும். காட்டோரம் குடியிருப்போர் வளர்ப்புக் கோழிகளைத் திறந்துவிடாமல் இருப்பது பெரிய உதவி.